ரேஸ் பார்க்கப் போன நாலு சைக்கிள்கள்

மோட்டார் ரேஸ் பார்க்கப் போறவன் எவனாவது சைக்கிளைத் தூக்கிட்டுப் போவானா? வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ஒருத்தன் "கல்யாண விருந்துக்குக் கட்டுச்சோறு கட்டிட்டுப் போற மாதிரி" என்றான். தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் நடத்துவது. அதற்கு முன்னால் ரேஸ் எல்லாம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுபாதையில் நடந்தது. எங்க தாத்தா தலைமுறையில் சோழவரம் ரேஸ் என்றால் திருவிழா மாதிரி. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வந்தது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர்.

இந்த 3.7-ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஒரு சுற்றில் சில விநாடிகள்தான் வண்டி கண்ணில் படும். மற்றதெல்லாம் சத்தம். போக, ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே சாப்பாட்டுக்கு, தண்ணீருக்கு, தங்கின இடத்துக்கு என்று வெயிலில் நடந்தே செத்துவிடுவோம். பிரான்சில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஒரு சுற்றே 13.6 கிலோமீட்டர். 1923-லிருந்து நடக்கிறது. ஜனங்கள் கூடாரம் அடித்துத் தங்கி, முகாமுக்கும் வளைவுகளுக்கும் சைக்கிளில்தான் அலைகிறார்கள். நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக் 2012-ல் அங்கே ஓட்டினார், அவருடைய வண்டி ஆறாவதாக முடித்தது. அந்த வீடியோக்களைத் தேடப்போன இடத்தில்தான் சைக்கிள் யோசனையே எனக்கு வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை வகுப்பில் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் மோட்டார் பைக் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், ஒரு ஞாயிறு விடியற்காலை மகாபலிபுரத்திலிருந்து கோவளம் வரை யார் முதலில் என்று நண்பர்களோடு பந்தயம் கட்டினார். திருவிடந்தைக்குப் பக்கத்தில் மின்கம்பத்தில் மோதினார். உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அன்றிலிருந்து அம்மா பைக் என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவார். என் தம்பிக்குப் பதினேழு வயசு. ரேஸ் பைத்தியம். அந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டதே அண்ணன்தான், படுக்கையில் இருந்துகொண்டு. இரண்டு பேரும் ராத்திரி எல்லாம் போனில் பந்தயம் பார்ப்பார்கள். தம்பி லைசென்ஸ் வயசை நெருங்க நெருங்க அம்மாவுக்குத் தூக்கம் குறைகிறது. அவன் எங்காவது திருட்டுத்தனமாக ஒரு வண்டியை எடுத்து ஓட்டுவதற்கு முன்னால், வேகத்தை அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்து ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று நான் நினைத்தேன். "சைக்கிள்லதான் போவோம், சைக்கிள்லதான் வருவோம்" என்று சொன்னதால்தான் அம்மாவிடம் அனுமதி கிடைத்தது.

உண்மையில் போகும்போது சைக்கிள்கள் டாடா ஏஸில்தான் போயின. செங்கல்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர். அந்த ரோட்டில் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதிக்க எனக்கு தைரியம் இல்லை. வழி நெடுக வண்டி செய்கிற கம்பெனிகள். ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, நிசான், பாரத்பென்ஸ். அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். தம்பி ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டே வந்தான்.

ரேஸ் தளத்துக்குள்ளே கூடாரம் போட நம்மை விடமாட்டார்கள். நண்பனின் மாமாவுக்கு அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் மாந்தோப்பு. அங்கே தார்ப்பாய், ஒரு டென்ட், ஓடோமாஸ், அத்தை கொடுத்த புளிசாதம். கொசுவைப் பற்றித் தனியாக எழுதலாம், வேண்டாம். காலையில் ஆறு கிலோமீட்டர் மிதித்துப் போனோம். வாசலில் இருந்தவர் நாலு சைக்கிளையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பார்ட்டிசிபேட்டா?" என்று கேட்டார் :-) பைக் நிற்கிற வரிசையில் ஓரமாகப் பூட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

சைக்கிளும் ரேஸும் அவ்வளவு தூரமில்லை என்பது பல பேருக்குத் தெரியாது. பெரிய ஓட்டுநர்கள் பலர் உடம்பைத் தயார் செய்வதே சைக்கிளில்தான். அதில் ஒரு கொடுமை உண்டு. மார்க் வெப்பர் 2008-ல் கால் முறிந்தது சைக்கிள் ஓட்டியபோது. அலோன்சோவுக்கு 2021-ல் சுவிட்சர்லாந்தில் தாடை உடைந்ததும் சைக்கிளில் போனபோதுதான், கார் மோதி. மோட்டோஜிபி சாம்பியன் நிக்கி ஹேடன் 2017-ல் இத்தாலியில் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தே போனார். மணிக்கு 300 கிலோமீட்டரில் பிழைத்தவர்களைச் சாதாரண ரோடு சாய்த்திருக்கிறது.

சனிக்கிழமை பைக் ஓட்டத்தில் அது நடந்தது. நாங்கள் நின்ற வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பையன், தம்பியை விட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும், முன்சக்கரம் வழுக்கி விழுந்தான். பைக் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். உருளவில்லை, வழுக்கிக்கொண்டே போனான். போய்க்கொண்டே இருந்தான். சரளைக் கல்லில் இறங்கிப் புழுதி கிளம்பி, நின்றான். அதற்குள் மஞ்சள் கொடி ஆடுகிறது, பின்னால் வந்தவர்கள் முந்தாமல் போகிறார்கள், இரண்டு மார்ஷல்கள் ஓடுகிறார்கள், ஆம்புலன்ஸ் இன்ஜின் உறுமுகிறது. நான் தம்பியின் சட்டையைப் பிடித்திருந்தேன். அந்தப் பையன் எழுந்து, கையை உதறிவிட்டு, பைக்கை ஒரு உதை உதைத்தான். கூட்டம் கைதட்டியது. தம்பி தட்டவில்லை.

ஓட்டம் முடிந்ததும் மார்ஷல் ஒருவரைப் பிடித்துக் கேள்வி மேல் கேள்வி. அவர் பொறுமையாகச் சொன்னார். ரேஸ் பைக்கில் ஹெட்லைட், கண்ணாடி கிடையாது, விழுந்தால் சிதறும் என்று. ஸ்டாண்டுகூட கிடையாது. ஆயில் போல்ட்டைக் கம்பியால் கட்டியிருக்க வேண்டும். ஹெல்மெட்டும் தோல் உடுப்பும் சோதித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். "தம்பி, இங்க விழுறதுக்கு இடம் விட்டிருக்கோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத் தம்பி அன்று ராத்திரி அண்ணனுக்குப் போனில் சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "டயர் வாசனை எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஞாயிறு மதியம் வரை ரேஸ். யார் ஜெயித்தார்கள் என்பதைவிட வெயில்தான் நினைவிருக்கிறது. சாயங்காலம் ஏஸ் எங்களை மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலோரம் ஒரு சவுக்குத் தோப்பில் இறக்கிவிட்டுப் போனது. திங்கள் கல்லூரி லீவு. விடியற்காலை ஐந்தரைக்கு ஈ.சி.ஆரில் வடக்கே கோவளம் வரை போய்த் திரும்புவது என்று திட்டம். அந்த நேரத்தில் அங்கே உங்களுக்குத் துணைக்கு ஆள் இருக்கும். சென்னையிலிருந்து மிதித்து வருகிற சைக்கிள் கூட்டம் எதிரே வரும், கை அசைத்துவிட்டுப் போவார்கள்.

திருவிடந்தை நெருங்கும்போது தம்பி வேகத்தைக் குறைத்தான். அந்தக் கம்பம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். இதற்கு முன்னால் பஸ்ஸில் போகும்போது எல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம். அவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். தார் ரோட்டின் வெள்ளைக் கோட்டில் குதிகாலை வைத்து, ஒரு அடிக்கு முன்னால் இன்னொரு அடி ஒட்டி வைத்து, கம்பம் வரை அளந்தான்.

"ஏழு அடிண்ணா."

அவ்வளவுதான் இருந்தது. நாங்கள் 20 கிலோமீட்டரில் வந்துகொண்டிருந்தோம். அண்ணன் அன்று 140-ல் வந்ததாக நண்பர்கள் சொன்னார்கள். வேகம் ஏழு மடங்கு என்றால் மோதலின் ஆற்றல் 49 மடங்கு. பிளஸ் டூ பிசிக்ஸ். தம்பிக்கு இந்த வருஷம்தான் அந்தப் பரீட்சை. நான் எதுவும் சொல்லவில்லை. அவனே மணலில் காலால் கோடு போட்டு, அந்தச் சரளைப் பள்ளம் இங்கே இருந்தால் எங்கே முடியும் என்று காட்டினான். கம்பத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை வரைக்கும் போனது.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மூன்று பைக்குகள் வரிசையாகக் கத்திக்கொண்டு போயின. கடைசிப் பையன் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டியிருந்தான்.

திரும்பி வந்து மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு முப்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் தாண்டி என் பின்சக்கரம் பஞ்சர். போகிறவர்கள் கட்டாயம் ஒரு டியூபும் பம்பும் வைத்துக்கொள்ளுங்கள். புளியமர நிழலில் நான் டயரைக் கழற்ற, தம்பி டியூபைக் காதோரம் வைத்துக் காற்று எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே சொன்னான், அந்த மார்ஷலிடம் எப்படிச் சேருவது என்று விசாரித்தானாம். பதினெட்டு முடிந்ததும் வரச் சொன்னாராம்.

"ஓட்டுறதுக்கா, கொடி காட்டறதுக்கா?" என்று கேட்டேன்.

"முதல்ல கொடி" என்றான். "ஓட்டையைக் கண்டுபிடிச்சிட்டேன், சொல்யூஷன் எங்க?"