ரெண்டு சமன்பாட்டை ஏன் கூட்டலாம்?

நெடுந்தீவுக்கு வகுப்பெடுக்கப் போறதெண்டால் குறிகட்டுவானில் படகேறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சோளகம் கடுமையாக அடிச்சால் அண்டைக்கு வகுப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூசன் நிண்டால் அடுத்த தெருவில் இன்னொண்டு இருக்கும். இங்கே தவறின சனிக்கிழமை தவறினதுதான். அதனால் கிடைக்கிற நேரத்தில் சோதினைக்கு வாறதை மட்டும் சொல்லிக்குடுத்துவிட்டு வரத்தான் எங்களுக்கும் மனம் வரும்.

ஒருங்கமை சமன்பாடு அப்படிப்பட்ட பாடம். "குணகத்தைச் சமப்படுத்து, குறி ஒண்டெண்டால் கழி, வேறையெண்டால் கூட்டு." ஓ/எல் பிள்ளைகள் இதைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் கேட்டாள்: "அண்ணை, ரெண்டையும் கூட்டலாம் எண்டு ஆர் சொன்னது?"

நாங்கள் படகையே கணக்காக்கினோம். படகின் வேகம் ப, நீரோட்டத்தின் வேகம் ஓ. போகேக்க நீரோட்டம் தள்ளுது, மணிக்கு 14 கிலோமீற்றர் எண்டு வைப்போம்: ப + ஓ = 14. வரேக்க அது எதிர்க்குது: ப − ஓ = 10. போன பயணத்தை மட்டும் வைத்து ஒண்டும் சொல்லேலாது. 13உம் 1உம் சரி, 11உம் 3உம் சரி. இன்னொரு நாள் அதே திசையில் போனாலும் அதே 14தான் வரும், புதுசாக ஒண்டும் தெரியாது. திரும்பி வந்தால்தான் ரெண்டாவது தகவல் கிடைக்கும்.

இனி அவளின் கேள்வி. முதல் சமன்பாட்டை ஒரு தராசாக நினையுங்கோ. ஒரு தட்டில் ப + ஓ, மற்றதில் 14. 'ப − ஓ'வும் 10உம் ஒரே நிறை எண்டு ரெண்டாவது சமன்பாடு சொல்லுது. ஆகவே ஒரு தட்டில் ப − ஓ, மற்றதில் 10 வைத்தால் தராசு சரியாது. ஓ தானாக வெட்டுப்படுது. 2ப = 24. படகு 12, நீரோட்டம் 2.

இதே வேலையைக் கணிதர் மகாவீரர் 9ஆம் நூற்றாண்டில் 'கணிதசாரசங்கிரக'த்தில் பழங்களை வைத்துக் கேட்கிறார். 9 கடாரங்காயும் 7 விளாம்பழமும் 107. 7 கடாரங்காயும் 9 விளாம்பழமும் 101. குணகத்தைச் சமப்படுத்தப் போனால் 63 வரை பெருக்கவேணும். நேரே கூட்டிப் பாருங்கோ: ரெண்டிலும் 16, விலை 208. அப்ப ஒவ்வொண்டு வாங்கினால் 13. கழித்தால் ரெண்டு சோடியின் வித்தியாசம் 6, ஒரு சோடிக்கு 3. கடாரங்காய் 8, விளாம்பழம் 5.

பாடமாக்கின விதியில் இந்தக் குறுக்குவழி இல்லை. ஏன் கூட்டலாம் எண்டு விளங்கின பிள்ளைக்குத்தான் அது தெரியும். அண்டைக்கு நாங்கள் முடித்தது இந்த ரெண்டே கணக்கு. ஆனால் அடுத்த கிழமை கடல் விடாட்டிலும், மூண்டாவது கணக்கைப் பிள்ளைகள் தாங்களாகச் செய்வார்கள். விடையை ரெண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்த்தால் சரி பிழை தெரிஞ்சிடும். அதுக்கு நாங்கள் படகேறி வரத் தேவையில்லை.