தோட்டப் பாடசாலையும் இலவசக் கல்வியும்

இலவசக் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமிதங் கொள்கிறோம், கொள்ள வேண்டியதுதான். 1945இல் கன்னங்கரா திறந்துவிட்ட கதவின் வழியாகவே ஏழை உழவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்தனர். நானும் அவ்வழியே பேராதனை சென்று தமிழ் கற்றவன். ஆயின், அக்கதவு தேயிலை மலைகளுக்குத் திறக்கப்படவில்லை என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

தென்னிந்தியாவிலிருந்து ஆள்கட்டிக் கொணரப்பட்ட தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைத்தது. கொழுந்து பறிக்கக் கை தேடும் முதலாளியே அக்கையில் எழுதுகோலையும் கொடுக்க வேண்டுமாம்! விளைவு எதிர்பார்க்கத் தக்கதே. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவன் பிள்ளையின் பள்ளிக்கூடம் ஒழுகினால் எந்தப் பாராளுமன்றம் நனையும்? 1970களின் பிற்பகுதியிலேதான் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கின. இலவசக் கல்வி மலையேற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அது பழங்கதையென்று சொல்வோர் ஹற்றனுக்கு அப்பாலுள்ள எமது பாடசாலைக்கு வரட்டும். சாதாரணதர வகுப்பிலே கணிதத்தில் வெகு கெட்டிக்காரியான மாணவி ஒருத்தி. உயர்தரத்தில் என்ன படிக்கப் போகிறாய் என்றேன்.

"ஆர்ட்ஸ் தான் சேர்."

விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் ஏற வேண்டும். "அம்மா பேர்ல கால்வாசி பஸ்ஸுக்கே போயிரும் சேர்" என்றாள். தாயின் ஒருநாட் கூலியைத்தான் 'பேர்' என்கிறாள். தமிழாசிரியனுக்கு நல்ல மாணவி கிடைத்தாளென்று நான் மகிழ்ந்திருக்கலாம், முடியவில்லை. அவள் கலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளுக்கு எஞ்சியது அதுவே.

நுவரெலியா, கல்வியில் பின்தங்கிய மாவட்டமென்று பல்கலைக்கழக அனுமதியில் தனி இடங்கள் உண்டு. நல்ல ஏற்பாடே. எனினும் பௌதிகவியல் ஆசிரியரே இல்லாத பாடசாலையின் பிள்ளை அவ்விடத்திற்கு எப்படிப் போட்டியிடுவது?

"இவர்களின் தாய்தகப்பனுக்குப் படிப்பில் அக்கறையில்லை" என்று ஆசிரியர் அறையிலே நண்பர்கள் சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. ஐந்தாந் தலைமுறைக்கும் 'வந்தவர்' என்ற பெயர் நீங்காத சமூகத்தின்மீது இப்பழியையும் ஏற்றுவது வசதியானதுதான். என் வகுப்பில் மூன்று பிள்ளைகளின் தாய்மார் மத்திய கிழக்கிலே வீட்டுவேலை செய்கின்றனர். அவர்கள் மாதந்தோறும் அனுப்பும் காசில் முதற்செலவு எதுவென்று விசாரித்தேன். மூன்று வீட்டிலும் ரியூஷன்.