போன் சொன்ன போயா

பிலிமத்தலாவையில், கண்டி வீதியோரப் பித்தளைக் கடையொன்றில் வேலை பார்த்த காலம். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் பாவித்த நொக்கியா என்-கேஜ் ஒன்றைத் தந்தான். 2003இல் வந்த விளையாட்டுப் போன். பேச வேண்டுமென்றால் அதன் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும், பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. கேம் மாற்றப் பேட்டரியையே கழற்ற வேண்டும். (இதை யார்தான் யோசித்துச் செய்தார்களோ!)

எனக்குப் பிடித்தது அதன் கலண்டர்தான். மாதம் முழுவதும் அந்தச் சின்னத் திரையில் அடங்கிவிடும். ஆனால் பௌர்ணமி விடுமுறையான போயா தினங்கள் அதில் இல்லை. சுவர்க் கலண்டரைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினேன், அதுவும் ஆண்டுதோறும் தானாக வரும் பிறந்தநாள் வகையில். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு.

நிலவு அந்தக் கணக்குக்கு வருமா? அடுத்த வருடம் போன் "போயா" என்றது, நானும் போர்த்திக்கொண்டு படுத்தேன். ஒன்பதரைக்கு முதலாளியின் அழைப்பு.

"தம்பி, இன்றைக்கு என்ன போயா?"

போனைப் பக்கவாட்டில் காதில் வைத்தபடி, "வெசாக் இல்லையா முதலாளி?" என்றேன்.