காரைக்காலம்மையாரும் உரோமை ஞானியும்

கோட்டுச்சேரிமேடு காரைக்கால் நகர்க்கு வடபாலுள்ள கடற்கரைக் குப்பம். ஆண்டு வாழும் வலைஞர்க்குத் தருவதும் கடலே, கொள்வதும் கடலே. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்காற் கரையிற் புகுந்து உயிரும் உடைமையும் ஒருங்கே வாரிச் சென்றதனை யாவரும் அறிவர். இங்ஙனம் காரணந் தோன்றாது வந்து போவதனைப் பண்டை உரோமர் பார்ச்சூனா என்னும் பெண்தெய்வமாக்கி, அவள் கையிற் கலஞ்செலுத்துஞ் சுக்கானையுங் கொடுத்தனர். அவர் நாட்டுச் சாடிகள் அரிக்கமேட்டில் வந்திறங்கியமை 1945 ஆம் ஆண்டின் அகழ்வால் தெளிவாயிற்று. சாடிகள் வந்தன, சிந்தனை வந்திலது போலும்.

அந்நாட்டறிஞர் செனேக்கா கி.பி. 41 இல் கார்சிக்காத் தீவிற்கு நாடு கடத்தப்பட்டார். ஆண்டிருந்து தம் தாயாரைத் தேற்றி ஒரு நூல் வரைந்தார். செல்வமும் சிறப்பும் எய்திய காலத்தும் தாம் அவற்றோடு ஒட்டாது நின்றமையின், அவை நீங்கியபோது நெஞ்சம் புண்படவில்லை என்பது அதன்கட் போந்த கருத்து. இஃது இருவினையொப்பிற்கு அணித்தாயது எனினும் அதுவன்று. உரோமர் கண்ட ஊழ் குருடு. சித்தாந்தத்திலோ, வினை சடமாதலின் தானே வந்து பயன் தாராது. உயிரின் மலந்தேயும் பொருட்டு இறைவன் கூட்ட வருவது. ஆயின், அலையில் மகவை இழந்தாளொருத்தி முன்னின்று இதனை எடுத்தோதுதல் அருளுடையார் செயலன்று. வினைக்கொள்கை தன்னைத் தேற்றுதற்கே உரியது, பிறரைச் சுட்டுதற்கன்று.

அம்மையாரும் கடல்வணிகர் குடியிற் றோன்றியவரே. மாங்கனி நிகழ்ச்சியின் பின் கொழுநன் பரமதத்தன் அவரைத் தெய்வமென்றஞ்சிக் கலமேறிப் போயினான். பாண்டிநாட்டில் மற்றொரு மணமுஞ் செய்துகொண்டான். அவனைக் கொடியனென்பாரும் உளர். சேக்கிழார் பெருமான் அவ்வாறு காட்டிற்றிலர். பிறந்த மகட்கு அம்மையார் பெயரையே இட்டான். நேர்ப்பட்டவிடத்து மனைவியொடும் மகவொடும் அடிவீழ்ந்தான். அருள் தன் மனையகத்தே வெளிப்பட, அதனோடு உண்டும் உறங்கியும் வாழ ஆற்றாதொழிந்தான். மானிட இயல்பே அஃதன்றோ!

அம்மையார் அவனை வைதாருமல்லர், தொடர்ந்தாருமல்லர். அவன் பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேய்வடிவம் அருளுமாறு இறைவனை இரந்தார், இரந்தவாறே பெற்றார்.

செனேக்காவும் இரந்ததுண்டு. நாடு மீண்டபின் நீரோவின் ஆசிரியராய்ப் பெருஞ்செல்வமெய்திய அவர், 62 இல் அச்செல்வத்தை மீள ஏற்றுக்கொள்ளுமாறு அம் மன்னனை வேண்டினார். மன்னன் இசைந்திலன். 65 இல் அவன் ஆணையாலேயே உயிர் நீத்தார். சுமையிறக்க விழைந்தார் இருவரும். வேண்டிய இடம் வேறாயிற்று.

ஒட்டாது நிற்றலே உரோமை ஞானிக்கு முடிந்த நிலை. அம்மையார்க்கு அது வாயிலே. கயிலையில் இறைவன் அம்மையே என்றழைத்து, வேண்டுவது யாதென வினவியருளியபோது, முதற்கண் அவர் கேட்டது அழியாத அன்பு; பிறப்பறுதலைக் கேட்டது அதன் பின்னரே. திருவாலங்காட்டில், ஆடுவான் திருவடிக்கீழ் அமர்ந்து பாடும் பேறும் எய்தினார்.

ஆனித் திங்களிற் காரைக்கால் வீதியிற் பிட்சாடனப் பெருமான் உலாப்போதும் நாளில், மாடங்களினின்று மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். சூழ நிற்பார் மடியேந்தி ஏற்கின்றனர்.