நடக்கிறவர்கள் படத்தில் இல்லை

புதுக்கோட்டை புதுக்குளக் கரையில் விடியற்காலை நடக்க வரும் பெண்களில் பாதிக்கு மேல் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி, தைராய்டு என்று ஏதாவது ஒன்றுக்கு டாக்டர் நடக்கச் சொல்லி வருகிறவர்கள். புடவையை ஒரு சாண் தூக்கிச் செருகி, கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருப்பார்கள். சுடிதார் போட்டவர்கள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்திருப்பார்கள். வீட்டுச் சாவியும் செல்போனும் எப்போதும் கையில்தான், உடுப்பில் பாக்கெட் கிடையாது. அவர்களில் நானும் ஒருத்தி.

விளையாட்டு உடுப்பு விற்கும் கடைக்குப் போனால் சுவரில் வேறொரு பெண் ஓடிக்கொண்டிருப்பாள். வயது இருபதைச் சுற்றி இருக்கும். வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். பிள்ளை பெற்ற தடமோ, ஆபரேஷன் தழும்போ, நரைமுடியோ எதுவும் இருக்காது. உடற்பயிற்சி யாருக்கு மிக அவசியமோ அவர்களை அந்தச் சுவரில் நான் பார்த்ததில்லை.

படத்தோடு போனால் பரவாயில்லை. படத்தில் இருக்கும் உடம்புக்குத்தான் துணியும் வெட்டப்படுகிறது. நடப்பதற்கு ஒரு டிராக் பேன்ட் வாங்கப் போனேன். இடுப்பு சரியாக இருந்தால் தொடை பிடித்தது, தொடை சரியாக இருந்தால் நீளம் தரையைக் கூட்டியது. மேலே போடும் டி-ஷர்ட் இடுப்போடு நின்றுவிட்டது. மார்பைத் தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிரா எக்ஸ்எல்லுக்கு மேல் இல்லை. நடக்கும்போது மார்பு வலிப்பதால் நடையையே விட்டுவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். கனத்த மார்பு உள்ளவளுக்குத்தான் அந்த உடுப்பு முதலில் தேவை. கடைப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: “உங்க சைஸுக்கு ஜென்ட்ஸ் பக்கம் பாருங்கக்கா.”

எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு ‘ஜென்ட்ஸ் பக்கம்’ புதிதல்ல. 1991-இல் புதுக்கோட்டையில் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தொண்டர் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், வயலில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் எல்லோரும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் நகருக்குள் சைக்கிளில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அவர்களை ஏற்றியது எந்த விளம்பரமும் அல்ல. பக்கத்துத் தெருப் பெண், தன்னைப் போலவே புடவை கட்டியவள், தன் வயதுக்காரி ஓட்டுவதைப் பார்த்தார்கள். ‘அவளால் முடிந்தால் என்னாலும் முடியும்’ என்ற எண்ணம் ஊர் ஊராகப் பரவியது. தன் சாயலைப் பார்ப்பதன் பலன் இவ்வளவுதான், இவ்வளவும்தான். சுவரில் இருக்கும் இருபது வயதுப் பெண்ணோ, நீ முதலில் என்னைப் போல ஆகிவிட்டு வா என்கிறாள். வந்த பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள்.

பெண்ணுடல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற குறுகிய அளவுகோல் கடைச் சுவரோடு நிற்பதுமில்லை. எங்கள் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். வறுமையில் வளர்ந்து, ஓடி ஓடியே முன்னுக்கு வந்த ஒரு பெண்ணின் உடம்பு உலகத்தின் முன்னால் விவாதப் பொருளானது. ஆனாலும் தமிழக அரசு அவருக்கு அறிவித்த 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தது. அவர் இங்கேயே பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையும் கோபமும் சேர்ந்தே வரும்.

காலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. ஹார்மோன் விதியைக் காட்டி 2014-இல் ஒதுக்கப்பட்ட ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த், வழக்காடித் திரும்ப ஓடினார். 2019-இல் பூமா நிறுவனம் தன் இந்திய விளம்பரத்தில் அவரையும், பிள்ளைகள் பெற்ற பிறகும் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற மேரி கோமையும் முன்னிறுத்தியது. அதற்கு மூன்றாண்டு முன்பு நைக்கி, டிரையத்லான் போட்டிகளில் கலந்துகொண்ட 86 வயது அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பூடரை வைத்து ஒரு படம் எடுத்தது. அதே 2016-இல் அதே நிறுவனம் இந்தியப் பெண்களுக்கென்று எடுத்த படத்தில் தீபிகா படுகோனும், சென்னையின் ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பாவும், ஹாக்கி வீராங்கனை ராணி ராம்பாலும் வந்தார்கள். உழைத்து உயர்ந்த பெண்கள், பார்க்கப் பார்க்க உற்சாகம். ஆனால் அங்கே 86 வயதுக்கு இருந்த இடம் இங்கே ஐம்பது வயதுக்குக்கூட இல்லை. அந்த ஆண்டுதான் நடிகர் மிலிந்த் சோமனின் தாயார் உஷா சோமன், எழுபது வயதைத் தாண்டியவர், புடவையோடு வெறுங்காலில் மகனுடன் ஓடினார். நாடே பார்த்து வியந்தது. வயதான பெண் ஓடினால் பார்க்க ஆளில்லை என்று இனி எந்த விளம்பரக்காரரும் சொல்ல முடியாது.

பெரிய நிறுவனங்கள் மாறட்டும், அது அவர்கள் பொறுப்பு. நான் கேட்பது நம் ஊர்க் கடைக்காரர்களை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஒரே இரவில் ஃப்ளெக்ஸ் அடித்துவிடுகிற ஊர் இது. அடுத்த முறை ஷூவுக்கும் டிராக் பேன்ட்டுக்கும் ஃப்ளெக்ஸ் வைக்கும்போது, நம் குளக்கரையில் நடக்கும் ஒரு பெண்ணிடம் சம்மதம் கேட்டு, உரிய பணமும் கொடுத்து, அவர் படத்தைப் போடுங்கள். நரையை மறைக்காதீர்கள், வயிற்றைக் கம்ப்யூட்டரில் இழைக்காதீர்கள். அவர் அளவுக்கு உடுப்பும் வரவழைத்து வையுங்கள். இந்த மாவட்டத்துப் பெண்கள் தங்களைப் போன்ற ஒருத்தியைப் பார்த்துத்தான் ஒருமுறை வீதிக்கு வந்தார்கள். மறுபடியும் வருவார்கள்.