திருத்தணி மலை எரிமலையா? 365 படிகளில் ஒரு பாறைப் பயணம்

முருகனின் ஐந்தாம் படைவீடான திருத்தணிக்கு வரும் பலர் வண்டியிலேயே மேலே போய், தரிசனம் முடித்து, பிரசாதத்துடன் இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை படிவழியில் ஏறிப் பாருங்கள். ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகள். வெயிலில் கறுத்துக் கிடக்கும் பாறைகளைப் பார்த்து, “இது எரிமலையா இருந்துச்சாப்பா?” என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

வெளியே வராத நெருப்பு

எரிமலை இல்லை என்பதுதான் பதில். இந்தியாவில் இன்றும் உயிர்ப்போடு இருக்கும் ஒரே எரிமலை, அந்தமான் கடலில் போர்ட் பிளேயரிலிருந்து சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ள பேரன் தீவு. 1787-ல் அது வெடித்தது பதிவாகியிருக்கிறது. நீண்ட உறக்கத்துக்குப் பிறகு 1991-ல் மீண்டும் விழித்துக்கொண்டது.

திருத்தணியின் கதை வேறு. இந்த வட்டாரத்துக்கு அடித்தளமாக இருப்பவை கிரானைட், நைஸ் வகைப் பாறைகள். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கிரானைட்டும் ஒரு காலத்தில் கொதிக்கும் பாறைக்குழம்புதான். ஆனால், எரிமலைக் குழம்பைப் போல வெளியே கொட்டாமல், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி, மெதுவாக ஆறி இறுகியது. மேலே மூடியிருந்தவற்றை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்து எடுத்தபின், உள்ளே இருந்த கெட்டிப் பாறை வெளியே தெரிந்தது.

இதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். எரிமலைக் குழம்பு சட்டென ஆறுவதால் அதன் மணிகள் மாவு போல நுண்மையாக இருக்கும். மெதுவாக ஆறிய கிரானைட்டிலோ வெளிர் நிறமும் கறுப்புமாக மணிகள் தனித்தனியே தெரியும். பாகு மெல்ல ஆறினால் பெரிய கற்கண்டு கிடைப்பது போலத்தான்.

சூரனோடு போரிட்ட முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகத் தல வரலாறு சொல்கிறது. அதனால்தான் கந்த சஷ்டியின்போது இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை. பாறையின் வரலாற்றுக்கும் ‘தணிகை’ என்ற பெயர் பொருந்திப்போகிறது!

உச்சியில் நின்றால்...

வடக்கே நகரி மலைத்தொடர் தெரியும். அது வேறு வகை. பழங்காலத்தில் அடுக்கடுக்காகப் படிந்த மணல் இறுகி உருவான குவார்ட்சைட் பாறை அது. ஒரே பார்வையில் இரண்டு வகை மலைகள்!

அந்தப் பக்கம் ஆந்திரா. ஒரு காலத்தில் திருத்தணியும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதைத் தொடர்ந்து வந்த படாஸ்கர் பரிந்துரையும்தான் நிலைமையை மாற்றின. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

கோயில் இல்லாத மலைகள்?

இந்த மலையைக் காப்பாற்ற முருகன் இருக்கிறார். பெயர்கூட இல்லாத பாறைக் குன்றுகளுக்கு யார் இருக்கிறார்கள்? தமிழகம் முழுக்க ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் குன்றுகள் உடைக்கப்படுகின்றன. வீடு கட்டக் கல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால், வெட்டிய மரத்துக்குப் பதில் கன்று நடலாம். வெட்டிய குன்றுக்குப் பதில் எதை நடுவது?

பாறைக்காகவே மதிக்கப்படும் இடங்களும் உண்டு. சென்னை பரங்கிமலையின் சார்னகைட் பாறையை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அப்படி ஓர் அறிவிப்பும் கோயிலும் இல்லாத குன்றுகளுக்கு, ஊர்க்காரர்களின் அக்கறைதான் காவல். படியேறும்போது பிள்ளைகளுக்கு இந்த 250 கோடி ஆண்டுக் கதையைச் சொல்லி வையுங்கள். நாளை தங்கள் ஊர்க் குன்றைப் பார்க்கும்போது, அதை வெறும் கல்லாக நினைக்க மாட்டார்கள்.

எப்படிச் செல்வது?

* சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. அரக்கோணம் வழியாக ரயிலிலும், திருவள்ளூர் வழியாகப் பேருந்திலும் வரலாம்.
* மலை உச்சி வரை வாகனப் பாதை உண்டு. முதியவர்களை வண்டியில் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் படியேறலாம்.
* வெயில் ஏறினால் கல் சுடும். அதிகாலையே சிறந்த நேரம். குடிதண்ணீர் அவசியம்.
* ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் அலைமோதும். டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் பூஜை நடக்கும் திருப்படித் திருவிழா. பாறையை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் சாதாரண நாளில் வருவது நல்லது.