கடலோரத்தில் நல்ல தண்ணீர்! - திருச்செந்தூர் டு உவரி கூடாரப் பயணம்

ஒரு கூடாரம், இரண்டு டார்ச், ஆளுக்கொரு முதுகுப்பை. இரண்டு நாள் விடுமுறையில் நான்கு பேர் கிளம்பினோம். திருச்செந்தூரிலிருந்து உவரி வரை கடலோரச் சிற்றூர்களைப் பார்ப்பதுதான் திட்டம். காலையிலும் மாலையிலும் நடை, வெயில் ஏறினால் பஸ்!

முதல் ஆச்சர்யம் திருச்செந்தூர் நாழிக்கிணறு. கூப்பிடு தூரத்தில் கடல். ஆனால், கிணற்றில் நல்ல தண்ணீர். கடலில் நீராடியவர்கள் இங்கே வந்து குளிப்பது வழக்கம்.

அங்கிருந்து பஸ் ஏறினால் குலசேகரன்பட்டினம். தசராவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் முத்தாரம்மன் கோயில், மற்ற நாள்களில் அமைதியாக இருக்கிறது. இந்த ஊரில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து ராக்கெட்டை நேராகத் தெற்கே கடல் மேல் அனுப்பலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்புவதுபோல இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை.

அடுத்தது மணப்பாடு. கடலுக்குள் நீண்டிருக்கும் மணல் குன்று, அதன் உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். கீழே, 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. குகைக்குள்ளும் ஒரு கிணறு, அதிலும் நல்ல தண்ணீர்! அலைச் சத்தம் கேட்கும் இடத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் எப்படி?

பக்தர்களுக்கு அது அருள். நிலத்தடியிலும் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. மழைநீர் மணல் மேட்டில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது, அவ்வளவுதான். மணல் மேடுதான் ஊரின் தண்ணீர்த் தொட்டி. மணலை வாரினாலோ, அளவுக்கு மீறி உறிஞ்சினாலோ உப்பு மேலேறும். ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம்.

கூடாரம் எங்கே போடலாம் என்று வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டோம். "அலை ராத்திரி ஏறும் தம்பி, நல்லா தள்ளிப் போடுங்க. ஆனா, கொடி படர்ந்த மேட்டுல மட்டும் வேண்டாம்" என்றார். அவர் காட்டியது அடம்பங்கொடி. அதுவும் ராவணன் மீசைப் புல்லும்தான் காற்றில் மணல் பறக்காமல் பிடித்து வைக்கின்றன. கொடி போனால் மேடு போகும். மேடு போனால் கிணறு போகும்.

மறுநாள் பெரியதாழை வரை நடை, பிறகு பஸ்ஸில் உவரி. கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா ஆலயம், கடலைப் பார்த்தபடி சுயம்புலிங்க சுவாமி கோயில். இங்கும் கடலோரத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு!

கிளம்புகிறவர்களுக்கு...

* ஊர் கமிட்டியிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டே தங்குங்கள்.

* மழைக்காலத்தில் மணப்பாட்டில் கருமேனி ஆற்று முகத்துவாரம் திறந்திருக்கலாம். தண்ணீரில் இறங்காமல் சாலை வழியே சுற்றுங்கள். வேலி போட்ட இடங்களுக்குள் நுழையாதீர்கள்.

* ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிடும் காலம். இரவில் கரையில் பளீர் விளக்கு வேண்டாம்.

* குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள். அங்குள்ள கிணறு அந்த ஊருக்கானது.